மறு: 'டிஜிட்டல் பயோமார்க்கர்': வெள்ளிக்குள் ஒரு சொல் வேண்டும்

பட்டர்வொர்த்திலிருந்து மொழிபெயர்ப்பாளர்:
அனைவருக்கும் வணக்கம். இங்கு மலேசியாவில் மூத்தோருக்கான மூளைநல ஆய்வு ஒன்றின் ஒப்புதல் படிவத்தைத் தமிழாக்குகிறேன். சேர்பவர் கையில் ஒரு கடிகாரம் கட்டிக்கொள்வார். நடை, கைவீச்சு, தூக்கம் எல்லாம் அதில் பதிவாகும். அந்தத் தரவில் நடுக்குவாதத்தின் (பார்க்கின்சன் நோய்) தொடக்கத்தைத் தேடுவார்கள். இப்படிக் கிடைக்கும் அளவைத்தான் 'டிஜிட்டல் பயோமார்க்கர்' என்கிறார்கள். மலாயில் 'பெனண்டா' (அடையாளம்) என்றால் போதும், எல்லாருக்கும் புரியும்.

'இலக்கவியல் உயிரிக்குறி' என்று எழுதி அம்மாவிடம் படித்துக் காட்டினேன். ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர், 74 வயது. "என்னடி, உயிருக்கே குறி வைக்கிறாங்களா?" என்று எடுத்த பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

செந்தூல், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
மகளே, குறியைக் கைவிட வேண்டாம். குறி என்றால் அடையாளம். அகத்திணையில் பகற்குறி, இரவுக்குறி என்பவை தலைவனும் தலைவியும் சந்திக்கக் குறித்த இடங்கள். குறிஞ்சிக்கும் இதுவே வேர் என்பது என் நெடுநாள் கருத்து. புணர்தலுக்கு உரிய நிலம் அல்லவா அது! சித்த மருத்துவத்திலும் நோயின் அறிகுறிகளைக் 'குறிகுணம்' என்பார்கள். உயிரிக்குறியே சரி. அம்மாவுக்கு எடுத்துச் சொன்னால் புரிந்துகொள்வார்.

பிரிக்பீல்ட்ஸ், மென்பொருள் பொறியாளர்:
ஐயா, குறிகுணத்தில் நோயாளி உணர்ந்து சொல்வதும் அடங்கும். இது அவர் உணர்வதற்கு முன்பே அளப்பது. 'இலக்கவியல்' என்பதிலும் எனக்கு ஒப்புதல் இல்லை. இயல் என்றால் துறை. கடிகாரம் தரும் எண் ஒரு துறையா? சிங்கப்பூரில் 'மின்னிலக்க' என்கிறார்கள், தமிழ்நாட்டுக் கணினி அன்பர்கள் பலர் 'எண்ணிம' என்கிறார்கள். பாட்டிகள் வாயில் வருவது 'டிஜிட்டல்'தான். 'டிஜிட்டல் குறி' போதும்.

செந்தூல்:
இயல் துறை மட்டுமன்று தம்பி, தன்மையும்தான். இயல்பு, இயற்றமிழ் எல்லாம் எங்கிருந்து வந்தன? டகரம் மொழிமுதல் வாராது. வடசொல்லையே வடவெழுத்து ஒருவி எழுதச் சொன்னது தொல்காப்பியம். நாம் மட்டும் வாசலைத் திறந்து போட்டுவிடுவதா?

ஜார்ஜ்டவுன், செவிலியர்:
ஐயா, தம்பி, இருவரும் நோயாளியை மறந்துவிட்டீர்கள். 1817-இல் ஜேம்ஸ் பார்க்கின்சன் ஆறு பேரைப் பற்றி எழுதினார். அவர்களில் சிலர் தெருவில் அவர் கண்ணில் பட்டவர்கள்தான். முன்னே சாய்ந்த நடையும் நடுக்கமும் வெறுங்கண்ணுக்கே தெரிந்தன. இன்று கடிகாரத்துக்குள் இருந்து அசைவை அளக்கும் முடுக்கமானி, சும்மா மடியில் கிடக்கும் கை வினாடிக்கு 4 முதல் 6 முறை நடுங்குவதை எண்ணிவிடும். ஒரு பக்கக் கைவீச்சு மட்டும் கொஞ்சம் குறைந்தாலும் பிடித்துவிடும். கண்ணுக்குத் தப்புவதைக் கருவி காண்கிறது. 'கருவிக்குறி' என்று சொல்லலாமே? உயிர் என்ற சொல்லே வராது, யாரும் பயப்பட மாட்டார்கள்.

பிரிக்பீல்ட்ஸ்:
அக்கா, காய்ச்சல் பார்க்கும் வெப்பமானியும் கருவிதானே? நாள் முழுக்க, வீட்டில் இருக்கும்போதே அளப்பது என்ற பொருள் இதில் இல்லை. ஆனாலும் வெள்ளிக்கிழமை நெருங்குகிறது. என் வாக்கு கருவிக்குறிக்கு.

பட்டர்வொர்த்:
இருவர் கருவிக்குறி என்றீர்கள். அதையே போட்டு, பக்கத்தில் 'உங்கள் நடையிலும் கையசைவிலும் கடிகாரம் கண்டுகொள்ளும் அடையாளம்' என்று ஒரு வரி சேர்த்தேன். நேற்றிரவு அம்மாவிடம் மறுபடி படித்தேன். இந்த முறை உயிரைப் பற்றிக் கேட்கவில்லை. "அந்தக் கணக்கையெல்லாம் யாரு பார்ப்பாங்க?" என்றார்.

அதற்குப் படிவத்தின் மூன்றாம் பத்தியில் விடை இருக்கிறது: பெயரை நீக்கிவிட்டு ஆய்வாளர்கள் மட்டும் பார்ப்பார்கள். அங்கே 'அனானிமைஸ்டு டேட்டா' என்று வருகிறது. 'பெயர்நீக்கிய தரவு' போதுமா? பெயரை எடுத்தாலும் நடையை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கலாம் என்கிறார்களே.

செந்தூல்:
'பெயர்நீக்கிய' வேண்டாம், 'ஆளறியா' என்பது பொருந்துமா என்று பார்க்கிறேன், நாளை எழுதுகிறேன். கருவிக்குறிக்கு என் மறுப்பு இருக்கட்டும். நம் சொற்பட்டியல் அச்சேறும்போது உயிரிக்குறியையும் பக்கத்தில் சேர்க்க வேண்டுகிறேன்.