சொல் தேவை: காரின் பின்பக்கத்தில் திறக்காத சின்னக் கண்ணாடி

தண்டையார்பேட்டை ஆசிரியை எழுதியது:

குழுமத்தார் அனைவருக்கும் வணக்கம்.

மாலை நேர மோட்டார் மெக்கானிக் வகுப்புக்குப் பாடக்குறிப்பு எழுதிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை மிண்ட் தெருப் பக்கம் அச்சகத்தில் கொடுத்தாக வேண்டும். எல்லாம் முடிந்து, ஒரே ஒரு சொல்லில் நிற்கிறது.

காரின் பின்கதவைத் தாண்டி, டிக்கிக்கு முன்னால், பக்கவாட்டில் ஒரு சின்னக் கண்ணாடி இருக்கும். ஏறாது, இறங்காது. பசை போட்டு பாடியோடு ஒட்டியிருக்கும். கடைகளில் ‘குவாட்டர் கிளாஸ்’ என்கிறார்கள். வகுப்பில் அந்தப் பெயரைச் சொன்னதுமே பையன்கள் சிரிக்கிறார்கள். ஏன் என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சிரிப்பைக்கூட அடக்கிவிடலாம். ஒரு மாணவன் எழுந்து, “இது கால் என்றால் முழுக் கண்ணாடி எது மிஸ்?” என்று கேட்டான். அது நியாயமான கேள்வி. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

பாடத்தில் அந்தச் சொல் வரும் பத்தி இது. கோடு போட்ட இடத்தை நிரப்பித் தாருங்கள்:

‘______ உடைந்தால் ஒட்டுப்போட முடியாது. அது நன்றாகச் சூடேற்றி, காற்றை வேகமாக அடித்துக் குளிரவைத்த கண்ணாடி. ஓரிடத்தில் விரிசல் விழுந்தால் மொத்தமும் கல்கண்டுத் துண்டுகளாக உதிர்ந்துவிடும். முதலில் பின்சீட்டை ஒட்டிய உள்பலகையைக் கழற்றி, இடுக்கில் விழுந்த தூளை உறிஞ்சி எடு. சட்டத்தில் மிச்சமிருக்கும் பழைய பசையை அடியோடு சுரண்டாதே. ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கனத்துக்கு விட்டுச் சீவு. புதுப் பசை அதன்மேல்தான் நன்றாகப் பிடிக்கும். பெயிண்ட் கீறி இரும்பு தெரிகிற இடத்தில் பிரைமர் தடவிக் காயவிடு.’

இராயபுரம் புலவர் எழுதியது:

அன்புள்ள அம்மா, வணக்கம். நல்ல முயற்சி. ‘கார்’ என்று எழுதியிருக்கிறீர்கள். சீருந்து என்றோ மகிழுந்து என்றோ எழுதுங்கள். அதை விடுவோம், இப்போது கேட்டதற்கு வருகிறேன்.

ஜன்னல் போர்ச்சுகீசியச் சொல், அது வேண்டாம். சாளரமோ வடமொழிச் சாலகத்தோடு உறவுடையது, பின்னல் என்ற பொருளிலிருந்து வந்தது. நமக்கென்று இருக்கும் அழகான சொல் காலதர். கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. ‘மான்கட் காலதர் மாளிகை இடங்களும்’ என்று சிலம்பில், இந்திரவிழவூரெடுத்த காதையில் வருகிறது. மானின் கண்ணைப் போலச் செய்த சிறு திறப்பு. நீங்கள் சொல்லும் கண்ணாடியும் சிறியது, ஓரம் கூர்ந்தது. ‘பின்காலதர்’ என்று வையுங்கள். மறைமலையடிகள் 1916இல் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கி நூறாண்டு கடந்துவிட்டது. இன்னும் குவாட்டர், கிளாஸ் என்று எழுதுவது நமக்கு அழகில்லை.

வியாசர்பாடி கண்ணாடிக் கடை எழுதியது:

ஐயா, வணக்கம். இலக்கணம் எனக்கு அவ்வளவா தெரியாது, குழுமத்துல எல்லாத்தையும் படிக்கிறதோட சரி. ஆனா இது என் தொழில், அதனால சொல்றேன்.

காலதர்னா காத்து வர்ற வழின்னு நீங்களே சொல்றீங்க. இந்தக் கண்ணாடியில காத்து வரவே கூடாது. வந்தா ஒட்டுன வேலை சரியில்லன்னு அர்த்தம். பசை இறுகினதும் வெளியில ஒருத்தர் ஹோஸ்ல தண்ணி அடிப்பார், உள்ள ஒருத்தர் டார்ச் வச்சுக்கிட்டு ஓரமெல்லாம் பாப்பார். ஒரு சொட்டு வந்தாலும் வேலைய திரும்பச் செய்யணும். அதுக்குப் போயி காத்து வழின்னு பேர் வச்சா, பையன் தப்பாத்தான் புரிஞ்சுக்குவான்.

எங்க கடையில சொல்றது: குவாட்டர் கிளாஸ், சின்னக் கண்ணாடி, ஓரக் கண்ணாடி. புதுப்பேட்டைக்குப் போயி பழசு கேட்டாலும் இதேதான்.

பெரம்பூர் மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

கடைக்காரர் சொல்வது சரி. ஆனால் காலதரை அடியோடு தள்ளவும் மனம் வரவில்லை. பழைய அம்பாசிடர், பத்மினி கார்களில் முன்கதவில் ஒரு முக்கோணக் கண்ணாடி இருக்குமே, கொக்கியை எடுத்துத் தள்ளினால் திரும்பி முகத்தில் காற்றை அடிக்கும். அதற்குக் காலதர் அச்சாகப் பொருந்தும். என்ன செய்வது, அந்த வண்டிகளே இப்போது வருவதில்லை.

சாளரத்தைப் புலவர் ஐயா ஒதுக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. ‘கோலச் சாளரக் குறுங்கண் நுழைந்து’ என்பதும் அதே சிலம்புதான், மனையறம்படுத்த காதை. இளங்கோ இரண்டையும் கூசாமல் எழுதியிருக்கிறார்.

என் முன்மொழிவு: திறவாக் கண்ணாடி. ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், கேட்டதும் புரியும். முதலில் நிலைக்கண்ணாடி என்றுதான் நினைத்தேன். ஆனால் அதை ஆளுயரக் கண்ணாடிக்குத் தமிழர்கள் எப்போதோ கொடுத்துவிட்டார்கள், திருப்பிக் கேட்க முடியாது.

ஐ.சி.எஃப். ஓய்வூழியர் எழுதியது:

ஐ.சி.எஃப். 1955இல் தொடங்கிய ரயில்பெட்டித் தொழிற்சாலை. அங்கே காலமெல்லாம் பெட்டி கட்டியவன் என்ற உரிமையில் ஒரு வார்த்தை. சாதாரணப் பெட்டியின் ஜன்னலில் கம்பி உண்டு, கண்ணாடி ஷட்டர் உண்டு, தகர ஷட்டர் உண்டு. ஏசி பெட்டியில் அவசர ஜன்னலைத் தவிர எதுவும் திறக்காது. இரட்டைக் கண்ணாடியை இறுக்கி மூடியிருக்கும். திறவாக் கண்ணாடி என்று சொன்னால் எனக்கு அந்த ஏசி பெட்டிதான் கண்ணில் வரும். காரிலேயே முன்கண்ணாடியும் திறக்காது, பின்கண்ணாடியும் திறக்காது. அப்புறம் இந்தச் சின்னதுக்கு மட்டும் எப்படித் திறவாக் கண்ணாடி என்று பெயர் வைப்பீர்கள்?

அது அசையுமா என்பதைச் சொல்லாமல், எங்கே இருக்கிறது என்பதைச் சொல்லுங்கள்.

தண்டையார்பேட்டை ஆசிரியை எழுதியது:

ஐயா சொல்வது எனக்குப் பிடித்திருக்கிறது. அப்படியானால் ‘பின்பக்கக் கண்ணாடி’ போதுமா? எளிமையாக இருக்கிறது.

பெரம்பூர் மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

போதாது அம்மா. அதை எப்படிப் பிரிப்பீர்கள்? பின் + பக்கக் கண்ணாடி என்றால் நீங்கள் நினைப்பது வரும். பின்பக்கம் + கண்ணாடி என்றால் டிக்கிக்கு மேலே இருக்கும் பெரிய கண்ணாடி. நம் ஊரில் பின்பக்கம் என்றால் இரண்டாவது பொருள்தான் முதலில் தோன்றும்.

இது வெறும் இலக்கணச் சிக்கல் இல்லை. 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 100ஆவது விதி, முன்கண்ணாடியும் பின்கண்ணாடியும் குறைந்தது 70 விழுக்காடு ஒளியைக் கடத்த வேண்டும் என்கிறது. பக்கக் கண்ணாடிகளுக்கு 50 விழுக்காடு. கறுப்பு ஃபிலிம் ஒட்டக் கூடாது என்று 2012இல் உச்ச நீதிமன்றம் சொன்னதும் இந்த விதியை வைத்துத்தான். உங்கள் மாணவன் பெயரைக் குழப்பிக்கொண்டால் எண்ணையும் குழப்பிக்கொள்வான். ‘பக்கம்’ தெளிவாகத் தெரிய வேண்டும், ‘பின்’ அதைக் கெடுக்கவும் கூடாது.

இராயபுரம் புலவர் எழுதியது:

அப்படியானால் விலா. உடம்பின் பக்கத்துக்கு விலாவை விடத் தெளிவான சொல் தமிழில் இல்லை. ‘பின்விலாக் கண்ணாடி’. யாருக்கும் டிக்கி நினைவு வராது.

ஆனால் இரவு முழுக்க யோசித்ததில் இதைவிட ஆழமான ஒன்று கிடைத்திருக்கிறது. மாணவன் ‘கால்’ என்று கேட்டானே, அவன் கேட்டதிலேயே விடை இருக்கிறது. கால் என்றால் நான்கில் ஒன்று. கால் என்றால் காற்று. கால் என்றால் தூண். பந்தக்கால், முகூர்த்தக்கால் என்று இன்றும் நடுகிறோம். இந்தக் கண்ணாடி எங்கே இருக்கிறது? வண்டியின் கூரையைத் தாங்கும் பின்தூணை ஒட்டி இருக்கிறது. ஆகவே ‘கால்கண்ணாடி’ என்றால் தூணருகுக் கண்ணாடி. ஆங்கிலச் சொல்லின் நேர்பொருளும் தானாக வந்து அமைகிறது. காளமேகத்தை நினைத்துப் பாருங்கள்: ‘முக்காலுக் கேகாமுன் முன்னரையில் வீழாமுன்’. பின்னக் கணக்கு முழுவதையும் முதுமைக்கும் சாவுக்கும் பொருத்திக் காட்டிவிட்டார். முக்கால் என்றால் கோலோடு சேர்த்து மூன்று கால். ஒரு சொல்லில் இரண்டு பொருள் நிற்பது தமிழில் குறையாகாது, அது வளம்.

பெரம்பூர் மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

வெண்பாவில் வளம், பாடநூலில் ஆபத்து. ஆங்கிலத்திலேயே அந்தச் சொல் கண்ணாடியின் அளவைச் சொல்வதில்லை. வண்டியின் பக்கவாட்டில் பின்பகுதியைக் குறிக்கிறது. மாணவன் ஏற்கெனவே கால்வாசி என்று நினைத்துத்தான் குழம்பினான். அதே குழப்பத்தைத் தமிழில் எழுதிக் கொடுப்பானேன்?

வியாசர்பாடி கண்ணாடிக் கடை எழுதியது:

இன்னொரு சிக்கல் இருக்கு, யாரும் சொல்லல. சின்னக் கண்ணாடி ரெண்டு வகை. சில வண்டியில பின்கதவுக்குள்ளயே, இறங்குற கண்ணாடிக்குப் பின்னால, நடுவுல ஒரு கம்பி வச்சு ரப்பர்ல உக்கார வச்சிருப்பாங்க. கதவத் தெறந்தா அதுவும் கூடவே வரும். அதுக்குப் பசை கிடையாது. கம்பியோட ஸ்க்ரூவக் கழட்டி, ரப்பரோட இழுத்து எடுக்கணும். டீச்சர் சொல்றது பாடியில ஒட்டுன வகை. அது வேற வேலை. பேர் வச்சா ரெண்டும் தனித்தனியா தெரியற மாதிரி வைங்க.

ஒட்டுற வேலையப் பத்தியும் ஒண்ணு சேத்துக்கச் சொல்லுங்க. காசிமேடு, எண்ணூர் பக்கத்து வண்டிங்கள்ல கண்ணாடி ஓரத்து இரும்பு உப்புக்காத்துல பொரிஞ்சிருக்கும். வெளியில ஒண்ணும் தெரியாது. பழைய பசையச் சீவும்போதுதான் பெயிண்டு செதில் செதிலா கையோட வரும். துருவத் தேச்சு எடுக்காம ஒட்டினா, பசை துருவைக் கெட்டியாப் பிடிச்சுக்கும், துரு இரும்பை விட்டுட்டு வந்துடும். கண்ணாடி அப்படியே கழண்டுடும். அவசரத்துக்குச் சில பேர் சிலிக்கான் அடிச்சு அனுப்பிடறாங்க. அது ரொம்பத் தப்பு. அப்புறம் நல்ல பி.யூ. (பாலியூரித்தேன்) பசை போட்டாலும் அதுமேல ஒட்டாது.

தண்டையார்பேட்டை ஆசிரியை எழுதியது:

அண்ணா, மிக்க நன்றி. துருவைப் பற்றி நீங்கள் எழுதியதை அப்படியே பாடத்தில் சேர்க்கிறேன். எங்கள் பிள்ளைகள் கடலோர வண்டிகளில்தான் வேலை பழகப் போகிறார்கள்.

கண்ணாடியின் ஓரத்தில் கறுப்பாக ஒரு பட்டை, உள்ளே போகப் போகச் சிறுத்துக்கொண்டே போகும் புள்ளிகளோடு இருக்கிறதே, அதற்கும் சொல் வேண்டும். வெயில் பட்டுப் பசை கெடாமல் அதுதான் காக்கிறது.

ஐ.சி.எஃப். ஓய்வூழியர் எழுதியது:

கரும்பட்டை. இதற்கெல்லாம் யோசிக்காதீர்கள்.

இராயபுரம் புலவர் எழுதியது:

கரும்பட்டை நன்று.

சூடேற்றிக் குளிர்வித்த கண்ணாடிக்கு ‘வன்கண்ணாடி’ என்று வைக்கலாம் என்று தோன்றுகிறது. குறளில் ‘வன்கண் குடிகாத்தல் கற்றறிதல்’ என்று அமைச்சனின் இலக்கணமாகவே வரும். அங்கே வன்கண் என்றால் மன உறுதி. கொடுமை என்ற பொருளும் குறளிலேயே உண்டு, இன்று அது மட்டுமே மிஞ்சியிருக்கிறது. அந்தச் சொல்லுக்கு அதன் பழைய மதிப்பை ஒரு கண்ணாடி வழியாகவாவது திருப்பித் தருவோமே. வன் + கண்ணாடி என்றும் பிரியும், வன்கண் + ஆடி என்றும் பிரியும்.

பெரம்பூர் மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

வன்கண்ணாடியை மனமார ஏற்கிறேன். ஐயா ஆழமாகப் போவதற்கு நான் எதிரியில்லை, அது பயன்படும் இடமும் உண்டு என்பதற்கு இதுவே சாட்சி.

தலைப்புச் சொல்லுக்கு வருகிறேன். ஐ.சி.எஃப். ஐயா இடத்தைச் சொல்லுங்கள் என்றார். கடைக்காரர் இரண்டு வகை என்றார். இரண்டையும் சேர்த்தால்: பாடியில் ஒட்டியது ‘பின்மூலைக் கண்ணாடி’, கதவுக்குள் இருப்பது ‘கதவுமூலைக் கண்ணாடி’. மூலை என்று கேட்டதும் பையன் வண்டியில் சரியான இடத்துக்குக் கை நீட்டுவான்.

வியாசர்பாடி கண்ணாடிக் கடை எழுதியது:

பின்மூலை சரி. கடையில பசங்ககிட்ட “அந்தப் பின்மூலைக் கண்ணாடி எடுடா”ன்னு சொல்லிப் பாத்தேன். சரியா எடுத்துட்டு வந்தான். லெஃப்டா ரைட்டான்னு மட்டும் கேட்டான்.

ஐ.சி.எஃப். ஓய்வூழியர் எழுதியது:

எனக்கும் சம்மதம். ‘விலா’ இன்னும் தெளிவு என்றுதான் படுகிறது. மூலை என்றால் பின்கண்ணாடிக்கும் நாலு மூலை உண்டு. ஆனாலும் வெள்ளிக்கிழமை வந்துவிட்டதே.

இராயபுரம் புலவர் எழுதியது:

பெரும்பான்மை அப்படியென்றால் அச்சில் பின்மூலைக் கண்ணாடி என்றே வரட்டும், நான் தடுக்கவில்லை. ஆனால் என் மறுப்பைக் குழுமத்தின் ஏட்டில் பதிவு செய்ய வேண்டுகிறேன். மூலை என்பது கோணத்தைச் சொல்கிறதே ஒழிய, கூரையைத் தாங்கும் உறுப்போடு கண்ணாடிக்கு இருக்கும் உறவைச் சொல்லவில்லை. கால்கண்ணாடி அதைச் சொல்கிறது. முன்தூண், நடுத்தூண், பின்தூண் என்ற மூன்றுக்கும் நாளை நீங்கள் சொல் தேடும்போது முன்கால், நடுக்கால், பின்கால் என்றுதான் வந்து நிற்பீர்கள். அப்போது இந்த இழையை எடுத்துப் படியுங்கள்.

தண்டையார்பேட்டை ஆசிரியை எழுதியது:

அனைவருக்கும் நன்றி. பாடத்தில் ‘பின்மூலைக் கண்ணாடி’ என்று போட்டுவிட்டேன். முதல் இடத்தில் மட்டும் அடுத்த வரியில் ‘கடைகளில் குவாட்டர் கிளாஸ் என்பார்கள்’ என்று சேர்த்திருக்கிறேன். வேலைக்குப் போகும் இடத்தில் பிள்ளைக்கு அது தெரிந்திருக்க வேண்டும். வன்கண்ணாடி, கரும்பட்டை இரண்டும் சேர்ந்துவிட்டன. ஐயா, உங்கள் மறுப்பை வகுப்பிலும் சொல்லப் போகிறேன், காளமேகத்தோடு சேர்த்து.

அச்சகத்தில் திங்கள் காலைவரை தவணை கொடுத்திருக்கிறார்கள். பிரைமர் இன்னும் பிரைமராகவே இருக்கிறது. ‘முன்பூச்சு’ என்று எழுதினேன். முன்கண்ணாடியில் பூசுவதா என்று கேட்கிறார்கள்.

இராயபுரம் புலவர் எழுதியது:

அடிப்பூச்சு. ஆனால் ‘பூச்சு’ என்பதன் வேரை முதலில் பார்த்துவிடுவோம்.