கழட்டேலாத சட்டை ஒண்டு செய்யோணும் (மைன்கிராஃப்ட் விளையாட்டு)

மல்லாவிப் பெடியன்:
1803இல பண்டாரவன்னியன் ஆங்கிலேயரிட்டயிருந்து பிடிச்ச முல்லைத்தீவுக் கோட்டையை எங்கட சேர்வரில கட்டுறம். உள்ளுக்க ஒரு பெட்டியில சபிச்ச கவசம் வைக்கோணும். போட்டவர் கழட்டேலாது, ஆனா சாகாமல் பாடுபட்டுத் தப்பவும் வழி இருக்கோணும். டயமண்டில செய்யட்டோ? போட்டதைக் கழட்டவிடாத ‘கர்ஸ் ஒஃப் பைண்டிங்’ சாபம், மந்திரம் ஏத்துற என்சாண்டிங் மேசையில வருகுதே இல்லை. பேர் ‘வற்றாப்பளை அம்மன் சாபம்’.

முரசுமோட்டை அக்கா:
மேசையில அது வராது தம்பி. விளையாட்டுக்குள்ள புத்தகம் விக்கிற லைப்ரேரியனிட்ட புத்தகமா வாங்கலாம், காசு மாதிரிப் பாவிக்கிற எமரால்டில 10இலயிருந்து 38க்குள்ள கேப்பார். தூண்டிலிலயும் சிலவேளை மாட்டும். பிறகு அன்வில்லில (பட்டடைக்கல்) கவசத்தோட சேர். கிரைண்ட்ஸ்டோனில (சாணைக்கல்) போட்டா மற்ற மந்திரமெல்லாம் கழரும், சாபம் கழராது.

ஒட்டுசுட்டான்:
டயமண்ட் வேண்டாம். நீ கேக்கிற வழி, கவசம் தேஞ்சு உடையிறதுதான். டயமண்ட் மார்க்கவசம் 528 தேய்மானம் தாங்கும், தோல் சட்டை 80தான். ‘நோர்மல்’ கடினத்தில ஒரு சொம்பி (நடமாடுற பிணம்) அடிக்கு ஒண்டு குறையும். 80 அடியை வாங்கி, இடையில சாப்பிட்டு உயிரைப் பிடிச்சு நிண்டா சட்டை தானா உடைஞ்சு விழும். அது உண்மையான சோதனை. உயரத்திலயிருந்து குதிச்சுத் தேய்க்கேலாது, விழுற அடி கவசத்தில படாது. தேய்மானத்தைக் குறைக்கிற ‘அன்பிரேக்கிங்’, தேஞ்சதைத் திருத்துற ‘மெண்டிங்’ ரெண்டையும் கிட்டவும் கொண்டுபோகாதை, பிறகு ஆள் தப்பவே மாட்டார். இந்தச் சாபம் போட்ட பூசணிக்காய்த் தலையும் அப்பிடித்தான், அதுக்குத் தேய்மானமே இல்லை, செத்தாத்தான் கழரும்.

தோல் எண்டா சாயம் போடலாம். சிவப்புப் போடு. அந்தக் காலத்து ஆங்கிலப் படையின்ர சிவப்புச் சட்டை, கோட்டையை விட்டு ஓடேக்க கிடந்தது எண்டு கதை தானா வரும். பேரும் அன்வில்லிலயே மாத்து: ‘ஓடினவன்ர சட்டை’.

அம்மன்ர பேரை மட்டும் வையாதை. வைகாசிப் பொங்கலுக்குக் கடல்தண்ணியில விளக்கெரியிற வாசல் அது, எங்கட சனம் நேத்தி வைச்சுப் போற இடம். பெட்டிக்குள்ள கிடக்கிற பொறிக்கு அந்தப் பேர் பொருந்தாது.

மல்லாவிப் பெடியன்:
ஓம் அண்ணை, பேரை மாத்திறம். சிவப்பு எல்லாருக்கும் பிடிச்சிட்டுது. சண்டையில செத்தா என்ன நடக்கும்?

முரசுமோட்டை அக்கா:
சட்டை கீழ விழும், எடுத்துப் போடுறவர் அடுத்து மாட்டுவார். அது வேண்டாமெண்டா ‘கர்ஸ் ஒஃப் வானிஷிங்’கையும் சேர், செத்தவரோடயே மறைஞ்சிடும். ஆனா சேர்வரில ‘கீப் இன்வென்டரி’ (செத்தாலும் சாமான் விழாத விதி) போட்டிருந்தா செத்து எழும்பினாலும் உடம்பிலதான் கிடக்கும். முதல்ல அதைப் பார்.