திறந்த மூல மென்பொருள் திட்டங்களுக்குப் பங்களிப்பு வழிகாட்டி (வெளியார் திருத்தம் அனுப்பும் முறையைச் சொல்லும் கோப்பு) எழுதியவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

பழைய விசைப்பலகை:
பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டிய கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றும் சின்னக் கருவி ஒன்றைப் பராமரிக்கிறேன். 'வெள்ளம்' என்பது 'வௌ்ளம்' என்று வந்து நிற்குமே, பாமினியில் ஔகாரத்தின் பின்பாதிக்கும் ளகரத்துக்கும் ஒரே விசை என்பதால் வரும் பிழை. அதைத் திருத்தி ஒரு கல்லூரி மாணவர் புல் ரிக்வெஸ்ட் (சுருக்கமாக பிஆர், மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளக் கேட்கும் கோரிக்கை) அனுப்பினார். நான் நிரலைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "வழிகாட்டியைப் படித்து, டெஸ்ட் ஓட்டிவிட்டு அனுப்பவும்" என்று ஒரு வரி போட்டுவிட்டுப் போய்விட்டேன்.

மூன்று நாள் கழித்து டெர்மினல் படம் ஒன்று வந்தது. நிரல் சரியாக ஓடுகிறதா என்று சோதிக்க, வழிகாட்டியில் இருந்தபடி 'மேக் டெஸ்ட்' என்று தட்டியிருக்கிறார். கீழே 'நோ ரூல் டு மேக் டார்கெட்', அப்படி ஒரு வேலைக்கு விதி இல்லை என்ற பிழை. மறுபடி தட்டியிருக்கிறார். ஆறு தடவை, ஆறு தடவையும் அதே வரி. "என் கணினியில்தான் ஏதோ கோளாறு போல அண்ணா, மன்னிக்கவும்" என்று எழுதி அவரே மூடிவிட்டார். கோளாறு என் வழிகாட்டியில். பைடெஸ்ட் என்ற சோதனைக் கருவிக்கு மாறியபோது, 'மேக்' கட்டளை படிக்கும் மேக்ஃபைலை நீக்கினேன், வழிகாட்டியில் அந்த வரியை விட்டுவிட்டேன்.

ஆற்றங்கரை:
எங்களிடம் ஒவ்வொரு கமிட்டிலும் (பதிவு செய்யும் மாற்றம்) 'சைன்டு ஆஃப் பை' வரி, அதாவது இதைத் தர எனக்கு உரிமை உண்டு என்று பெயரோடு சொல்லும் வரி, கட்டாயம். லினக்ஸ் கெர்னலில் 2004இல் வந்த வழக்கம்தான். "சைன் ஆஃப் இல்லாத கமிட் ஏற்கப்படாது" என்று மட்டும் எழுதியிருந்தேன். ஒரு அக்கா தனியாக மெயில் போட்டார்: "ஸ்டாம்பு பேப்பரில் கையெழுத்துப் போட்டு ஸ்கேன் செய்து அனுப்ப வேண்டுமா?" கமிட் கட்டளையோடு '-எஸ்' (சின்ன எழுத்து s) சேர்த்தால் போதும் என்று அன்றைக்கே எழுதிச் சேர்த்தேன்.

மூன்றாம் மாடி:
பழைய விசைப்பலகை எல்லாப் பழியையும் தன்மேல் போட்டுக்கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை. டெஸ்ட் கேட்டது தவறே இல்லை. 2020 அக்டோபரில், பிஆர் அனுப்பியவர்களுக்கு ஹாக்டோபர்ஃபெஸ்ட் என்ற நிகழ்வில் தந்த டி-ஷர்ட்டுக்காக, ரீட்மீயில் (திட்டத்தின் அறிமுகக் கோப்பு) ஒரு சொல்லை மட்டும் மாற்றி வந்த பிஆர்களை உட்கார்ந்து மூடியவன் நான். கறாரான வழிகாட்டி இல்லாமல் பட்ட பாடு அது.

ஆனால் எழுதிவிட்டு அப்படியே விடக்கூடாது. வழிகாட்டிக் கோப்பை ரெப்போவின் (திட்டக் கோப்புகள் இருக்கும் களஞ்சியம்) முகப்பிலோ டாக்ஸ் அடைவிலோ வையுங்கள், பிஆர் திறக்கும்போது கிட்ஹப் தளம் தானே அதன் இணைப்பைக் காட்டும். வழிகாட்டியில் உள்ள கட்டளைகளையே சிஐயிலும் (ஒவ்வொரு மாற்றத்துக்கும் தானாக நடக்கும் சோதனை) ஓட்டுங்கள், உடைந்தால் உங்களுக்கு முதலில் தெரியும். புது மடிக்கணினி வாங்கிய நண்பர் யாராவது இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து, வாய் திறக்காமல், அவர் படித்துச் செய்வதைப் பாருங்கள். எங்கே கை நிற்கிறதோ அங்கே ஒரு வரி குறைகிறது. அப்புறம், பதில் வர எத்தனை நாள் ஆகும் என்பதையும் எழுதுங்கள். ஒருவர் தனியாக நடத்தும் திட்டம் என்றால் அதையும் சொல்லிவிடுங்கள்.

ஆற்றங்கரை:
சரி, அந்த மாணவரின் திருத்தம் என்ன ஆயிற்று?

பழைய விசைப்பலகை:
பதினொரு மாதம் கழித்துத் திறந்து பார்த்தேன். நான்கே வரி, சரியாக இருந்தது. அவர் பெயரிலேயே திட்டத்தில் மெர்ஜ் செய்து, தவறு என்னுடையது என்று கீழே எழுதினேன். பதில் வரவில்லை.