111 பாயிண்ட் எடுத்தும் மூன்றாம் இடமா? விம்பிள்டனின் 2002-03 சீசன் பற்றி ஒரு சந்தேகம்

மிட்ஃபீல்டு மணி:

பழைய டேபிள் ஒன்றைப் பார்த்துவிட்டு நேற்றிலிருந்து மண்டை குடைகிறது. இங்கிலாந்தில் கம்பைண்டு கவுண்டீஸ் லீக், 2002-03 சீசன். ஏ.எஃப்.சி. விம்பிள்டன் 46 ஆட்டத்தில் 36 வெற்றி, 3 டிரா, 7 தோல்வி. போட்டது 125 கோல், வாங்கியது 46. மொத்தம் 111 பாயிண்ட். ஆனால் இடம் மூன்று! மான்செஸ்டர் சிட்டி 100 பாயிண்ட் எடுத்ததை இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம். அது 38 ஆட்டம்தான், ஒத்துக்கொள்கிறேன், ஆனாலும் 111 எடுத்தவனுக்கு மேலே இரண்டு பேர் உட்கார்ந்திருக்க முடியுமா, இல்லை டேபிளில் ஏதாவது அச்சுப்பிழையா?

இன்னொன்று. இது 1988-இல் லிவர்பூலை 1-0 என்று அடித்து எஃப்.ஏ. கோப்பையைத் தூக்கிய அதே விம்பிள்டனா? அப்படி என்றால் ஒன்பதாம் மட்டத்தில், பேர் தெரியாத ஊர்களோடு என்ன செய்துகொண்டிருந்தார்கள்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள், விக்கி லிங்க் மட்டும் போட்டுவிட்டு ஓடாதீர்கள்.

ஸ்கோர்ஷீட் சாமி:

அச்சுப்பிழை இல்லை மணி. சாம்பியன் விதீன் 2000, இரண்டாவது ஏ.எஃப்.சி. வாலிங்ஃபோர்ட், மூன்றாவதுதான் விம்பிள்டன்.

இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், அது புரியாமல் அந்த சீசன் புரியாது. பழைய விம்பிள்டன் எஃப்.சி. 1991-லேயே தன் சொந்த மைதானமான பிளவ் லேனை விட்டுவிட்டு கிறிஸ்டல் பேலஸின் செல்ஹர்ஸ்ட் பார்க்கில் வாடகைக்குப் போய்விட்டது. அதற்கப்புறம் சொந்த வீடு கிடைக்கவே இல்லை. கடைசியில் முதலாளிகள் கிளப்பை மில்டன் கீன்ஸுக்குக் கொண்டுபோகிறோம் என்றார்கள், ஏறக்குறைய 90 கிலோமீட்டர் தள்ளி. 2002 மே 28-ஆம் தேதி எஃப்.ஏ. (இங்கிலாந்து கால்பந்து சங்கம்) அமைத்த மூன்று பேர் குழு 2-1 என்ற கணக்கில் சரி சொல்லிவிட்டது. ரசிகர்கள் புதிதாக ஒரு கிளப்பைத் தொடங்குவது கால்பந்தின் பரந்த நலனுக்கு உகந்தது அல்ல என்று அந்தத் தீர்ப்பிலேயே ஒரு வரி வேறு. ரசிகர்கள் அதை டி-ஷர்ட்டில் அடித்துப் போட்டுக்கொண்டு, ஏ.எஃப்.சி. விம்பிள்டன் என்று புதுக் கிளப்பையே தொடங்கிவிட்டார்கள்.

அப்புறம் நடந்தது எல்லாம் மின்னல் வேகம். ஜூன் 29 அன்று விம்பிள்டன் காமன் என்கிற பொதுத் திடலில் ஆட்டக்காரர் தேர்வு. யார் வேண்டுமானாலும் வரலாம் என்று அறிவித்ததில் 230 பேர் வந்தார்கள். ஜூலை 10-இல் சட்டன் யுனைடெட்டோடு முதல் நட்பு ஆட்டம். 4-0 என்று செம அடி. ஆனால் பார்க்க வந்தது 4,657 பேர், கேட்டில் கூட்டம் தாங்காமல் ஆட்டத்தையே தாமதமாகத்தான் தொடங்கினார்கள். தீர்ப்பு வந்து ஆறு வாரம் முடிந்த சமயம் அது! கொஞ்சம் மேல் மட்டத்தில் இருக்கும் ஐஸ்த்மியன் லீக்கில் இடம் கேட்டுப் பார்த்தார்கள், கிடைக்கவில்லை. கம்பைண்டு கவுண்டீஸ்காரர்கள் சேர்த்துக்கொண்டார்கள், அதனால் ஒன்பதாம் மட்டம்.

இப்போது 111-க்கு வருகிறேன். 24 அணி, 46 ஆட்டம், முழுசாக ஜெயித்தால் 138 பாயிண்ட். விம்பிள்டன் விட்டது 27 மட்டும். ஆனால் இந்த மாதிரி லீக்கில் மேலே நாலைந்து அணி நன்றாக இருக்கும், கீழே பாதி அணிகளுக்கு சனிக்கிழமை பதினோரு பேர் சேர்ந்தாலே பெரிய விஷயம். அதனால் மேலே இருப்பவர்கள் கீழே இருப்பவர்களை வாராவாரம் அடித்து பாயிண்ட்டைக் குவித்துக்கொண்டே போவார்கள், மேலே இருப்பவர்களுக்குள் நடக்கும் ஆட்டங்களும், அசந்த நேரத்தில் விடுகிற ஒன்றிரண்டு டிராவும்தான் இடத்தைத் தீர்மானிக்கும். பெரிய லீக்கில் டிரா என்றால் ஒரு பாயிண்ட் கிடைத்ததே என்று இருக்கும். இங்கே டிரா என்றால் இரண்டு பாயிண்ட் போச்சு. விம்பிள்டன் கடைசி 11 ஆட்டத்தையும் வரிசையாக ஜெயித்தும் மேலே இருந்த இருவரைப் பிடிக்க முடியவில்லை, ஆரம்பத்தில் விட்டது அவ்வளவு.

மேலே போவதும் சுலபம் இல்லை. அந்த மட்டத்தில் பொதுவாக முதல் இடத்துக்கு மட்டும்தான் வாசல், அதுவும் மைதானம் தரத்துக்கு இருந்தால்தான். மூன்றாம் இடத்துக்குக் கைதட்டல்தான்.

டூட்டிங் தம்பு:

ஸ்கோர்ஷீட் அண்ணை எல்லாம் சரியாகச் சொல்லிவிட்டார். நான் அந்தக் காலத்தில் தென் லண்டனில் டூட்டிங்கில் இருந்தேன், இப்போதும் அந்தப் பக்கம்தான். எங்கள் ஆட்கள் நிறையப் பேர் இருக்கிற இடம், ஆனால் உதைபந்தாட்டம் பார்க்க வருகிறவர்கள் குறைவு, கிரிக்கெட் என்றால் வருவார்கள். 57-ஆம் இலக்க பஸ் எடுத்தால் விம்பிள்டன், ரெயின்ஸ் பார்க் தாண்டி நோர்பிட்டனில் இறக்கிவிடும், அங்கிருந்து நடந்தால் கிங்ஸ்மெடோ. அது அப்போது கிங்ஸ்டோனியன் கழகத்தின் வீடு, விம்பிள்டன் அங்கே பங்குக்குத்தான் ஆடியது.

முதல் ஹோம் ஆட்டம் சிப்ஸ்டெட்டோடு. 4,262 பேர் வந்து, 2-1 என்று தோற்றுப்போனோம். எனக்குப் பக்கத்தில் நின்ற ஒரு வெள்ளைக்காரக் கிழவர் ஆட்டம் முடிந்தும் கை தட்டிக்கொண்டே நின்றார், தோற்றது அவருக்குத் தெரியாதோ என்று நினைத்தேன். ஆளுக்கு எல்லாம் தெரியும். பிரீமியர் லீக்கில் தோற்கும்போது எதிரி யார் என்றாவது தெரிந்திருந்தது, இது யார் என்றே தெரியாது என்று சொல்லிச் சிரித்தார்.

வெளியூர் ஆட்டங்கள்தான் உண்மையில் ருசி. லீக்கின் முதல் ஆட்டமே சாண்ட்ஹர்ஸ்ட் டவுனில், 2-1 என்று வெற்றி, 2,449 பேர். நூறு பேர் வந்தாலே நல்ல கூட்டம் என்கிற மைதானங்கள் இதெல்லாம். ஆடுகளத்தைச் சுற்றி இடுப்பளவில் ஒரு கம்பித் தடுப்பு, அவ்வளவுதான். லைன்ஸ்மன் ஓடுகிறபோது நாங்கள் காலை உள்ளே இழுக்க வேண்டும். கோல்கீப்பர் தன் தடுப்பாட்டக்காரனைத் திட்டுவது ஒவ்வொரு சொல்லாகக் கேட்கும், அவர்கள் வேலை முடித்து வந்து ஆடுகிற ஆட்கள், திட்டும் அந்தத் தரத்தில்தான் இருக்கும். பாதி ஆட்டத்துக்கு முன்னமே தேத்தண்ணிக் கடையில் பர்கர் முடிந்துவிடும். கழகத்துச் சனம் திணறினாலும் முகத்தில் சந்தோஷம், ஏனென்றால் எங்கள் ஒரு வருகையில் அவர்களுக்கு வழக்கமாகக் கனவிலும் காணாத வசூல்.

ஆட்டக்காரர்களும் ஒரு தினுசு. அணித் தலைவர் (கேப்டன்) ஜோ ஷீரின், செல்சியில் இருந்தவர். செல்சிக்கு அவர் மொத்தமாக ஆடியது ஒரு நிமிடம், 1997-இல், அதுவும் விம்பிள்டனுக்கு எதிராக! நட்பு ஆட்டம் ஒன்றில் இந்தக் கழகத்தின் முதல் கோலை அடித்தவர் கிளென் மல்கேர். பிறகு பத்திரிகைக்காகப் போன் ஒட்டுக்கேட்ட வழக்கில் சிறைக்குப் போனாரே, அதே ஆள்தான். கதை எழுதினால் நம்ப மாட்டார்கள்.

ஆஃப்சைடு ஆனந்த்:

மன்னிக்கவும், இந்தக் கதையை எல்லோரும் கண்ணில் நீர் வரச் சொல்கிறார்கள், எனக்கு அவ்வளவு ஒட்டவில்லை. எதிரணிக்கு ஐம்பது, அறுபது ரசிகர்கள், உங்களுக்குச் சராசரியாக 3,000 பேர். கேட் வசூல் எங்கே, செலவு செய்யும் சக்தி எங்கே? அந்த லீக்கில் அது சமமான போட்டியே இல்லை. பண்ணையார் வீட்டுப் பையன் தெருவில் கோலி ஆட வந்த மாதிரி. இதில் மூன்றாம் இடம் என்பது உண்மையில் சொதப்பல், சாதனை இல்லை. விதீனையும் வாலிங்ஃபோர்டையும்தான் பாராட்ட வேண்டும், அவர்களைப் பற்றி இந்தத் திரியில் ஒருவரும் இரண்டு வரி எழுதவில்லை பாருங்கள்.

ஸ்கோர்ஷீட் சாமி:

ஆனந்த், பாதி ஒத்துக்கொள்கிறேன். பணம் ஒரு பெரிய அனுகூலம்தான். ஆனால் அந்த முதல் சீசனில் அந்தப் பணத்தை ஆட்டமாக மாற்ற நேரம் எங்கே இருந்தது? ஜூன் கடைசியில் திடலில் ஆள் பொறுக்கி, ஆகஸ்ட் 17-இல் லீக் ஆட்டம். பயிற்சியாளர் டெர்ரி ஈம்ஸ், பழைய விம்பிள்டன் ஆட்டக்காரர், கையில் கிடைத்தவர்களை வைத்துத்தான் தொடங்கினார். ஆண்டுக்கணக்கில் சேர்ந்து ஆடி வரும் ஒரு குட்டி அணியின் முன்னால் இவர்கள் தடுமாறியதில் ஆச்சரியம் இல்லை. சிப்ஸ்டெட் தோல்வி அதுதான்.

பணம் வேலை செய்ததைப் பார்க்க வேண்டும் என்றால் அடுத்த சீசனைப் பாருங்கள். 2003-04: 46 ஆட்டம், 42 வெற்றி, 4 டிரா, தோல்வியே இல்லை. 180 கோல், 130 பாயிண்ட். கெவின் கூப்பர் ஒருவரே எல்லாப் போட்டிகளையும் சேர்த்து 66 கோல். அதைத்தான் நீங்கள் சொல்லும் பண்ணையார் ஆட்டம் என்பேன். உண்மையைச் சொன்னால் அந்த சீசனைவிட எனக்கு முதல் சீசன்தான் பிடிக்கும், வாராவாரம் ஜெயிப்பது என்று எழுதி வைத்தபின் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது. அத்தனைக்கும் நடுவே ஈம்ஸை 2004 பிப்ரவரியில் நீக்கினார்கள், தோற்காத அணியின் மேனேஜரை!

ஒரு எண் மட்டும் யோசித்துப் பாருங்கள். 2002-03-இல் ஒன்பதாம் மட்ட விம்பிள்டனின் ஹோம் சராசரி 3,003. அதே சீசனில் இரண்டாம் மட்டத்தில், செல்ஹர்ஸ்ட் பார்க்கில் இன்னும் ஆடிக்கொண்டிருந்த பழைய விம்பிள்டன் எஃப்.சி.யின் சராசரி 2,787. ஏழு மட்டம் கீழே இருப்பவனுக்குக் கூட்டம் அதிகம். மூன்றாம் இடமோ முப்பதாம் இடமோ, அந்த ஆண்டின் பெரிய ரிசல்ட் இதுதான் என்று நினைக்கிறேன். பழைய கிளப் 2003-இல் திவால் நிர்வாகத்துக்குப் போய், அந்த செப்டம்பரில் மில்டன் கீன்ஸுக்கே போய்ச் சேர்ந்தது.

மிட்ஃபீல்டு மணி:

அட, நான் டேபிளைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டால் இவ்வளவு வருகிறதே, எல்லோருக்கும் நன்றி. அப்போ 2002-03-இல் கடைசி 11 வெற்றி, அடுத்த சீசன் முழுக்கத் தோல்வி இல்லை என்றால், எப்போதுதான் தோற்றார்கள்?

ஸ்கோர்ஷீட் சாமி:

2004 டிசம்பர் 4, கிரே வாண்டரர்ஸிடம் 2-0. பிப்ரவரி 2003-இலிருந்து அதுவரை லீக்கில் தோல்வியே இல்லாமல் 78 ஆட்டம். அதற்குள் ஐஸ்த்மியன் லீக்குக்குப் போயிருந்தார்கள், முதலில் இடம் கொடுக்காத அதே லீக்தான். பிறகு 2005, 2008, 2009 என்று ஏறி, 2011 மே மாதம் மான்செஸ்டரில் லூட்டனை பெனால்டியில் ஜெயித்து தொழில்முறை லீக்குக்குள் நுழைந்தார்கள். ஒன்பது சீசனில் ஐந்து ஏற்றம்.

டூட்டிங் தம்பு:

2020 நவம்பரில் பிளவ் லேனுக்கே திரும்பினார்கள், பழைய மைதானம் இருந்த இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி. டான்காஸ்டரோடு 2-2. கொரோனா காலம், உள்ளே ஒரு சனம் இல்லை. 29 வருடம் காத்திருந்தவர்கள் வீட்டில் இருந்து திரையில் பார்த்தோம்.

ஆஃப்சைடு ஆனந்த்:

பிளவ் லேன் கட்டப் பணம் எங்கிருந்து வந்தது என்பதையும் எழுதிவிடுங்கள் தம்பு அண்ணா. முதலில் வாடகைக்கு வந்த கிங்ஸ்மெடோவை 2003-இல் ரசிகர்களிடம் பங்கு விற்றும் கடன் வாங்கியும் விம்பிள்டனே எடுத்துக்கொண்டது. அதன்பின் வீட்டுக்காரன் கிங்ஸ்டோனியன் குடித்தனக்காரன் ஆனான். அப்புறம் அந்த மைதானத்தை செல்சிக்கு விற்றார்கள், பிறகு செல்சி பெண்கள் அணி அங்கே ஆடியது. கிங்ஸ்டோனியன் 2017-இல் வெளியேறி, லெதர்ஹெட், டோல்வொர்த் என்று அடுத்தவர் மைதானங்களில் ஆட வேண்டியதாயிற்று. சொந்த ஊரில் மைதானம் இல்லாமல் அலைவது என்றால் என்ன என்று விம்பிள்டன்காரர்களுக்குத் தெரியாததா?

டூட்டிங் தம்பு:

அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை ஆனந்த். கிங்ஸ்டோனியன் கடனில் மூழ்கி, மைதானம் ஏற்கெனவே அவர்கள் கையை விட்டுப் போயிருந்தது, விம்பிள்டன் அவர்களிடமிருந்து பறிக்கவில்லை, குறைந்த வாடகைக்குத்தான் வைத்திருந்தது என்று எங்கள் பக்கம் சொல்வோம். விற்றபோது கிங்ஸ்டோனியனுக்குப் பணம் கொடுத்ததும் உண்மை. ஆனால் பணமும் மைதானமும் ஒன்றல்ல, அது எங்களுக்கே தெரியும். கிங்ஸ்டோனியன் ஆட்கள் சிலரோடு இன்னும் பழக்கம் இருக்கிறது, இந்தப் பேச்சு வந்தால் நான் வாயை மூடிக்கொண்டு தேத்தண்ணி வாங்கிக் கொடுத்துவிடுவேன்.

மணி, லண்டன் வந்தால் சொல்லுங்கள். பெரிய மைதான டிக்கெட்டுக்கு அலையாமல் ஒரு சனிக்கிழமை கம்பைண்டு கவுண்டீஸ் ஆட்டம் ஒன்றுக்குக் கூட்டிப் போகிறேன், லீக் இன்னும் நடக்கிறது. கம்பித் தடுப்பில் சாய்ந்து நிற்கலாம், குடை மட்டும் கொண்டு வாருங்கள்.