மறு: ஃப்ராக் என்பதற்குத் தமிழ்ச் சொல்: ‘கவை’ எப்படி?

அனைவருக்கும் வணக்கம். மாதிரி ரயில் பாதையில் தண்டவாளங்கள் வெட்டிக்கொள்ளும் இடத்தை ஆங்கிலத்தில் ஃப்ராக் (frog, அதாவது தவளை) என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச் சொல் தேடும் இந்த உரையாடலில் முன்பு ஒருவர் இப்படி எழுதியிருந்தார்:

> மாதிரி ரயில் பாதையில் தண்டவாளங்கள் வெட்டிக்கொள்ளும் எல்லா இடத்துக்கும் ‘வெட்டுமுனை’ என்றே வைத்துவிடலாம்.

‘தவளை’யைக் கைவிட்டது நல்லது. குதிரைக் குளம்பின் அடியில் உள்ள பிளவுபட்ட பகுதிக்கும் ஆங்கிலத்தில் இதே பெயர்தான். ஆனால் வெட்டுமுனை என்ற ஒரே சொல், தண்டவாளம் வழியே ரயிலுக்கு மின்சாரம் கொடுக்க வயரிங் செய்பவருக்குப் போதாது. ‘முனை’ வேறு, நேர்முனை, எதிர்முனை என்று மின்சாரத்தில் ஏற்கெனவே புழங்குகிறது.

இரண்டு பாதைகள் குறுக்காக வெட்டிக்கொள்ளும் டயமண்ட் கிராஸிங்கைப் பாருங்கள். இரண்டு பாதைகளிலும் மேல் தண்டவாளத்துக்குச் சிவப்பு வயர், கீழ்த் தண்டவாளத்துக்குக் கறுப்பு என்று கொடுக்கிறோம். நடுவில் விரிகோணமாக இருக்கும் இரண்டு மூலைகளில் சிவப்பு சிவப்பைத்தான் சந்திக்கிறது, கறுப்பு கறுப்பை. அங்கே தகராறே இல்லை. குறுங்கோணமாக இருக்கும் இரு கோடிகளில்தான் சிவப்பும் கறுப்பும் மோதுகின்றன. ரயில் ஒரு பாதையில் போகும்போது இடக்கோடி சிவப்பாகவும் வலக்கோடி கறுப்பாகவும் இருக்க வேண்டும். மற்றப் பாதையில் போனால் அப்படியே தலைகீழ். இவ்வளவு வேறுபாடு இருக்கும்போது நான்குக்கும் ஒரே பெயர் கூடாது.

என் பரிந்துரை: குறுங்கோணத்துக்குக் ‘கவை’, விரிகோணத்துக்கு ‘விரிமூலை’. கவைக்குச்சி, கவட்டை எல்லாம் நாம் அறிந்தவைதான். இரண்டாகப் பிரியும் வடிவம் சொல்லிலேயே இருக்கிறது. ஒரு பாதை இரண்டாகப் பிரியும் சாதாரண பாயின்ட்டில் இருப்பதும் கவைதான். சேர்த்து எழுதவும் வசதி: மின்சாரம் பாய்வது மின்கவை, பிளாஸ்டிக்கில் வருவது காப்புக்கவை, சிவப்பு கறுப்பை மாற்றிக் கொடுக்கும் சுவிட்ச் கவைமாற்றி. மாதிரித் தண்டவாளம் தயாரிக்கும் பெக்கோ நிறுவனத்தின் எலக்ட்ரோஃப்ராக் (மின்கவை), இன்சல்ஃப்ராக் (காப்புக்கவை) இரண்டையும் விளக்க இது போதும். காப்புக்கவையில் வயரிங் சுலபம். ஆனால் குட்டி இன்ஜின்கள் மெதுவாகப் போகும்போது அதன்மேல் நின்றுவிடும். அதனால்தான் மின்கவைக்காக இத்தனை பாடு.

சரி, பாதைகள் வெட்டிக்கொள்வதோடு ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறவும் முடிகிற டபுள் ஸ்லிப்பில் இந்தச் சொற்கள் தாங்குமா? எழுதிப் பார்த்தேன்:

“இடது பக்கத்து நகரும் தண்டவாளங்கள்தான், ரயில் வலது பக்கம் எந்தப் பாதையில் வெளியேறும் என்பதைத் தீர்மானிக்கின்றன. ஆகவே அவற்றை நகர்த்தும் இடது மோட்டாரின் கவைமாற்றி வலது கவைக்கு. வலது மோட்டாருடையது இடது கவைக்கு. அந்தந்தப் பக்கத்துக்கே கொடுத்தால், சில வழிகளில் சக்கரம் கவையில் ஏறியதும் ஷார்ட் ஆகிவிடும்.”

தடுமாற்றம் இல்லாமல் வாசிக்க முடிகிறது என்றே நினைக்கிறேன். டயமண்டில் நகரும் பாகமே கிடையாது. அங்கே பக்கத்துப் பாயின்ட்டின் சுவிட்சிலிருந்து இணைப்பு எடுக்க வேண்டும், இல்லையென்றால் ஷார்ட்டை உணர்ந்து தானே மாற்றிக்கொள்ளும் சர்க்யூட் போட வேண்டும். அதைத் ‘தானியங்கிக் கவைமாற்றி’ என்றே சொல்லிவிடலாம்.

கவைமாற்றியைத் ‘துருவமாற்றி’ என்று முன்பு ஒருவர் எழுதியிருந்தார். ரயில்களை டிஜிட்டல் சிக்னலால் இயக்கும் டிசிசி முறையில் தண்டவாளத்துக்கு நிலையான நேர், எதிர் என்பதே இல்லை, மாறிக்கொண்டே இருக்கும். அதனால் அந்தச் சொல்லைத் தவிர்ப்போம்.

விரிமூலைக்கு மட்டும் இதைவிடக் கச்சிதமான சொல் தோன்றினால் எழுதுங்கள்.