பழைய காரின் சீட் பெல்ட்டை இன்னும் நம்பலாமா?

கேள்வி: அப்பா ஓட்டிவந்த 1999ஆம் ஆண்டு மாருதி 800 காரை இனி நான் ஓட்டப்போகிறேன். முன்னிருக்கை பெல்ட்டை ஒரே வேகத்தில் வெடுக்கென்று இழுத்தாலும் சில நேரம் பூட்டிக்கொள்கிறது, சில நேரம் தாராளமாக வந்துவிடுகிறது. இதை நம்பி நெடுஞ்சாலையில் போகலாமா?

பதில் 1: ஐயா, முதலில் பெல்ட்டைக் கடைசிவரை உருவி, பகல் வெளிச்சத்தில் இரு பக்கமும் பாருங்கள். ஓரத்தில் நூல் பிரிந்திருந்தாலோ, வெயிலில் வெளுத்து விறைத்திருந்தாலோ, முழு செட்டையும் மாற்றிவிடுங்கள். தையற்கடையில் கொடுத்துத் தைப்பது கூடவே கூடாது. பெல்ட் இறுகியிருக்கும் போல்ட்டுகளைச் சுற்றித் தகரம் துருப்பிடித்து அரித்திருந்தால், புதுப் பெல்ட் போட்டும் பயனில்லை.

பதில் 2: பெல்ட் நாடாவைச் சுருட்டி வைத்திருக்கும் சுருள் பெட்டிகளில் சில, நாடாவை வேகமாக இழுத்தாலே பூட்டிக்கொள்ளும், வேறு சில, வண்டி சட்டென்று வேகம் குறையும்போதோ சாயும்போதோ உள்ளிருக்கும் சிறு உருண்டை நகர்ந்தால்தான் பூட்டும். ஆகவே, கையால் இழுத்துப் பூட்டாததை மட்டும் வைத்துப் பழுது என்று முடிவுகட்ட இயலாது. ஆனால், ஒருமுறை பூட்டி மறுமுறை பூட்டாத பெல்ட்டை நான் பழுதாகவே கொள்வேன். மாற்றும்வரை அந்த இருக்கையில் யாரையும் உட்கார வைக்காதீர்கள்.

பதில் 3: மாற்றும்போது பழைய வண்டியிலிருந்து கழற்றியதை வாங்க வேண்டாம். விபத்தின் இழுவையைத் தாங்கிய நாடா, பார்வைக்கு நன்றாக இருந்தாலும் வலுவிழந்திருக்கலாம்.