லண்டன்ல இருந்து காலமை போய் பின்னேரம் திரும்பக்கூடிய ஆத்தங்கரைக் கிராமம் எது?

வெள்ளவத்தை வாசி:
ஓகஸ்ட்ல அம்மாவோட லண்டன் போறன், ஈஸ்ட் ஹாம்ல தம்பி வீடு. அம்மாக்கு ஒரு பழைய இங்கிலிஷ் கிராமம் பாக்கோணுமாம், ஆறு, பாலம், கலண்டர்ல வாற மாதிரி வீடுகள் எல்லாத்தோடயும். தம்பிக்கு லீவில்லை, அதால கார் இல்லை. தேடினா பைபரி பைபரி எண்டுதான் வருது, கோச்சில போகலாமோ?

ஹரோ மச்சான்:
பைபரில ஸ்டேஷனே இல்லை ப்ரோ. கெம்பிள்ல இறங்கி டாக்சிதான் பிடிக்கோணும். வடிவு எண்டா வடிவுதான், அந்த ஆர்லிங்டன் ரோ வீட்டு வரிசை 1380 அளவில கம்பளி வைக்கிற களஞ்சியமாக் கட்டினது, 17ம் நூற்றாண்டிலதான் நெசவாளர் குடியிருக்கிற வீடாக்கினவை. ஆனா ஓகஸ்ட்ல டூர் பஸ் வந்து கொட்டுற சனத்துக்குள்ள நிண்டு என்னத்தப் பாக்கிறது. இப்பவும் ஆக்கள் இருக்கிற வீடுகள், யன்னலால எட்டிப் பாக்கிறதுகளும் இருக்கு.

கொட்டாஞ்சேனை அக்கா:
தம்பி, பைபரிய விடுங்கோ, பிளாட்போர்ட் போங்கோ. ஸ்ட்ராட்போர்ட் உங்களுக்குக் கிட்டத்தானே, அங்க ஏறினா மானிங்ட்ரீக்கு ஒரு மணித்தியாலம் மட்டில, அங்கயிருந்து ஸ்டூர் ஆத்தோரமா நடக்கலாம். ஓவியர் ஜோன் கொன்ஸ்டபிள்ட அப்பாட மில் அங்கதான் இருக்கு, 1821ல அவர் கீறின ஹே வெயின், வண்டில் ஆத்துக்க நிக்கிற படம், அது அந்த மில்லடிக் காட்சிதான், படத்தில இடப்பக்கம் தெரியிற வீடு இன்னும் அப்பிடியே நிக்குது. முதல் நாள் ட்ரஃபால்கர் சதுக்கத்து நஷனல் கலரியில அந்தப் படத்தைக் காட்டிப்போட்டு (டிக்கட் இல்லை, சும்மா போகலாம்) அடுத்த நாள் இங்க கூட்டிக்கொண்டு வாங்கோ, அம்மாக்குப் பிடிக்கும். கல்வீடு எதிர்பாக்காதேங்கோ, இந்தப் பக்கம் மரச்சட்டமும் வெள்ளைச் சுவரும்தான், பாலத்தடி வீட்டுக்கு வைக்கோல் கூரை.

ஹரோ மச்சான்:
அக்கா சொன்னது சரி, நானே மறந்துபோனன். பக்கத்தில ஈஸ்ட் பேர்க்ஹோல்ட்டும் இருக்கு, கொன்ஸ்டபிள் பிறந்த ஊர், 1776. அங்கத்தைய சேர்ச்சுக்கு 1525ல கோபுரம் கட்டத் தொடங்கி அரைவாசில நிண்டுபோச்சு, எட்டாம் ஹென்றி ராசாட பெரிய மந்திரியா இருந்த கர்தினால் வூல்சிக்குப் பதவி போனதால காசு நிண்டது எண்டு சொல்லுவினம். மணிகளத் தற்காலிகமா முற்றத்தில ஒரு மரக்கூட்டுக்க வச்சவை, இண்டைக்கும் அங்கதான், கயிறில்லாம கையாலதான் ஆட்டி அடிக்கினம் 😂 எங்கட ஊர் றோட்டு வேலை மாதிரி.

வெள்ளவத்தை வாசி:
நன்றி அக்கா. அம்மாக்கு முழங்கால் நோ, ஸ்டேஷன்ல இருந்து எவ்வளவு நடை? சாப்பாடு கட்டிக்கொண்டு போகலாமோ?

கொட்டாஞ்சேனை அக்கா:
3 கிலோமீற்றர் கிட்ட வரும், மழை பெய்தா ஒரே சேறு. அம்மாவோட எண்டா போகேக்க டாக்சி பிடியுங்கோ, மில்லடியில மட்டும் மெதுவா நடக்கட்டும். பழைய இடங்களைப் பாதுகாக்கிற நஷனல் ட்ரஸ்ட் அமைப்பிட இடம், டொய்லட்டும் தேத்தண்ணிக் கடையும் இருக்கு. புட்டோ கட்லட்டோ கட்டிக்கொண்டு போய் புல்லில இருந்து சாப்பிடலாம், குப்பையத் திருப்பிக் கொண்டு வாங்கோ. ஓகஸ்ட் எண்டாலும் அம்மாக்கு ஒரு ஸ்வெட்டர் வையுங்கோ.